மத்தி நெய் பூசிய மஞ்சள் வீடு

மதினி,

இன்று மத்தியானம் பம்பாய்க் கப்பல்காரர் விடுதியில் சோற்றுக்கு உட்காரும் நேரத்தில் செல்வியிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. கிழித்துத் தலைகீழாகத் தட்டினேன். ஒரு படத் தபால் அட்டை மேஜைமேல் விழுந்தது. கால்வாய்க் கரையில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் சிவப்பு, மஞ்சள், நீல வீடுகள். நாலு மூலையிலும் ஆணி அடித்த ஓட்டை. கோபன்ஹேகன் நகரத்திலிருந்து நான் உங்களுக்கு அனுப்பிய அட்டை. என்ன எழுதியிருந்தேன் என்று திருப்பிப் பார்ப்பதற்கு முன்னால் மூக்கருகே கொண்டு போய்விட்டேன்.

பக்கத்துக் கட்டில்காரன், தூத்துக்குடிப் பையன், சோற்றுத் தட்டோடு நின்று பார்த்தான். "ஏண்ணே, எல்லாரும் கடுதாசியப் படிப்பாங்க. நீங்க மோந்து பாக்குறிய?" என்றான். மத்தி மீன் நெய் வாடை அடிக்கிறதடா என்றேன். வாங்கி முகர்ந்துவிட்டு, வெறும் அட்டை வாடைதான் என்று திருப்பிக் கொடுத்தான். அவன் மூக்குக்கு என்ன தெரியும்? என் மூக்கையும் இந்த விஷயத்தில் முழுக்க நம்ப முடியாது என்பது வேறு.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்களை எடுத்த அன்று நான் கப்பலின் சமையற்கட்டில் நாற்பது பேருக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்திருப்பேன். செய்தி என் கைக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை நீங்கள் இருப்பதாகவே நினைத்து, ஊருக்கு வரும்போது உங்களிடம் சொல்லச் சிரிப்புக் கதைகள் சேர்த்து வைத்திருந்தேன். அந்தக் கோபம் யார்மேல் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அதனால்தான் இத்தனை நாள் ஒரு வரி எழுதவில்லை. இன்று அட்டை வந்து விழுந்ததும் சோற்றை மூடி வைத்துவிட்டுத் தாளை எடுத்தேன்.

அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு மட்டாஞ்சேரிக்குக் கூட்டி வந்தபோது உங்களுக்கு இருபது, எனக்குப் பதினெட்டு. படகிலிருந்து இறங்கி, கிடங்குத் தெருவின் மிளகு வாடையையும் சுக்கு வாடையையும் தாண்டி, நம் வீட்டு வாசலுக்கு வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டீர்கள். "இது என்ன வாய்க்காலு?" என்று கேட்டீர்கள். "தோடு" என்றேன் நான். நீங்கள் திருநெல்வேலிக்காரி. காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டீர்கள். இங்கே மலையாளத்தில் வாய்க்காலைத்தான் தோடு என்பார்கள் என்று விளக்க வேண்டி வந்தது. "இந்தத் தோட்டைக் காதுல மாட்டுனா ஊரே ஓடிரும், கொழுந்தனாரே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி இந்த வீட்டில் என் வாய்க்கு ஒரு எதிர்வாய் உண்டு என்று.

தோட்டுக்கரையில், ஊர்ப் பேச்சில் தோட்டுவக்கத்து, ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடுகள். நம்முடையது மூன்றாவது. அண்ணனுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. உங்களுக்கும் பக்கத்து வீட்டு ஆமினாத்தாவுக்கும் சுக்கு தரம் பிரிக்கும் வேலை. எனக்குத் தோட்டு முனையில் வள்ளம், படகு பழுது பார்க்கும் கொட்டகையில் வேலை. கிடங்குக் கழிவு, மீன் கழிவு, ஊர்க் கழிவு எல்லாம் நம் வாசலைத் தொட்டுத்தான் காயலுக்குப் போகும். கடல்நீர் ஏறும் வேலியேற்றத்தில் வந்தது, வடியும் வேலியிறக்கத்தில் போகாமல் நம் படியிலேயே தங்கிவிடுவதும் உண்டு. நமக்கு அது பழகிவிட்டது. உங்கள் மகள் செல்விக்குப் பழகவில்லை.

அவளுக்கு எட்டு வயது நடக்கும்போதுதான் அது தெரிய வந்தது. நாலு நாள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அவளுடைய நோட்டைக் கொடுத்துவிட்டுப் போக ஒரு பள்ளிக்கூடத் தோழி கிளம்பி, பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னாலிருக்கும் தெருவை இரண்டு தடவை சுற்றிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். வீடு அங்கேதான் என்று செல்வி வகுப்பில் சொல்லி வைத்திருந்தாள். அடுத்த நாள் வகுப்பு முழுக்க ஒரே பேச்சு, செல்விக்கு வீடே இல்லையாம் என்று. ஆமினாத்தாவின் மகள் வந்து சொன்னபோது நீங்கள் கப்பைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தீர்கள். கத்தி நின்றுவிட்டது.

நீங்கள் அவளைத் திட்டவில்லை. ராத்திரிச் சாப்பாடு ஆனதும், "ஏம்ளா அப்படிச் சொன்ன?" என்று மட்டும் கேட்டீர்கள். "தோட்டுவக்கத்துன்னு சொன்னா மூக்கப் பொத்திக் காட்டுவாங்கம்மா. ஆரும் வர மாட்டாங்க" என்றாள். அண்ணன் எழுந்து, சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். வீட்டில் எது வந்தாலும் அவருக்கு உடனே சாயா குடிக்க வேண்டும். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "ஒரே ஒரு பிள்ளை வந்து இந்தப் படியில உக்காந்துட்டுப் போணும். எனக்கு அது போதும்" என்றீர்கள்.

அந்தச் சுவரில்தான் அந்தக் காலண்டர் தாள் இருந்தது. சுக்குக் கிடங்கின் ஆபீஸ் அறையில் தொங்கிய வெளிநாட்டுக் காலண்டரில், மாதம் முடிந்ததும் கிழித்த தாளை நீங்கள் கேட்டு வாங்கி வந்து அரிசிப் பானைக்கு மேலே ஒட்டியிருந்தீர்கள். கால்வாய், பாய்மரப் படகுகள், கரை நெடுக நிறம் நிறமாக வீடுகள். உங்களுக்கும் எனக்கும் அதை வைத்து ஓயாத சண்டை. எவனாவது வீட்டுக்கு இப்படிச் சாயம் பூசுவானா, எல்லாம் அச்சாபீஸ்காரன் வேலை என்பேன். "நீரு போய்ப் பாத்தீரா? அவங்க வீடும் தோட்டுவக்கத்துதான். ஆனா படம் எடுத்துக் காலண்டர்ல போடுறாங்க பாரும்" என்பீர்கள். உடனே அடுத்த கேள்வியும் வரும். "அந்தத் தோடும் நாறுமா?"

"படத்துல எப்படி மதினி மோந்து பாக்க?"

"ஒரு நாள் நீரு போவீரு. போய்க் குனிஞ்சு மோந்து பாத்துட்டு வந்து சொல்லும்."

நான் அப்போதே கப்பலுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கிடைக்கும் என்று அந்த வீட்டில் நம்பிய ஒரே ஆள் நீங்கள்தான்.

மே மாதக் கடைசியில் வீட்டை மஞ்சளாக்குவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். படத்தில் மூன்றாவது வீடு மஞ்சள், நம்முடையதும் மூன்றாவது என்பதுதான் காரணம். வீட்டுக்காரர், நான் சுண்ணாம்பு அடிப்பேன், வேறு ஏதாவது வேண்டுமானால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மஞ்சள் காவிப் பொடி வாங்கி வந்து தண்ணீரில் கரைக்கப் போனீர்கள். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

"தண்ணில கரைச்சா முதல் மழையிலயே தோட்டுக்குள்ள போயிரும் மதினி. வள்ளத்துக்கு நாங்க என்ன பூசுறோம்? மத்தி நெய்! வருஷம் முழுக்க தண்ணிலயே கெடக்கு, ஒண்ணும் ஆகல. நெய்யில கலக்குனா கல்லு மாதிரி நிக்கும்."

"சுவருக்கு ஆகுமா?"

"மரத்துக்கு ஆகுறது சுவருக்கு ஆகாதா? என்னைய நம்புங்க."

நம்பினீர்கள். கொட்டகையிலிருந்து ஒரு தகரம் நிறைய மத்தி நெய் கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பூசினோம். ஆமினாத்தா வாசலில் நின்று, "எந்தா பெண்ணே, வீடு வள்ளமாக்கியோ?" என்று கேட்டுவிட்டு, தானும் பூச ஒரு தேங்காய் நார்க் கொத்தை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார். சாயங்கால வெயிலில் வீடு அப்படி மின்னியது. அரிசிப் பானைக்கு மேலிருந்த தாளைக் கழற்றி வந்து வீட்டுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். நான் உங்களை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது கொஞ்ச நாட்கள்தான்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நெய் காயவில்லை. வள்ளத்துக்குச் சுள்ளென்ற வெயிலில் பூசுவோம். இதுவோ ஈரச் சுவர், இடவப்பாதிப் பருவமழை. சுவரில் கை வைத்தால் கை மஞ்சளானது. சாய்ந்தால் முதுகு மஞ்சளானது. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். வாடையைத்தான் பொறுக்க முடியவில்லை. தோட்டு நாற்றமே தோற்றுப் போகும்படி வீடு முழுக்க மத்தி வீசியது. கிடங்கில் அண்ணனுக்குப் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சோறு தின்ன மாட்டேன் என்றார்களாம். அவர் வீட்டுக்கு வந்து முதல் தடவையாகச் சத்தம் போட்டார்: "ஆரு சொல்லி இந்த நெய்யக் கலக்குனீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். "நாந்தான்" என்றீர்கள் நீங்கள், என் பக்கம் திரும்பாமலேயே. அண்ணன் சாயா குடிக்கப் போய்விட்டார். அந்தச் சமயம் நான் கோழையாக நின்றது இன்னும் என் தொண்டையில் முள்ளாகக் கிடக்கிறது. அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது.

அதைவிட மோசம் செல்வி. அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும். "இனிமே என்னைய மீன்னுதான் கூப்பிடுவாங்க, நான் போவ மாட்டேன்" என்று பாயைச் சுருட்டி அதற்குள் புகுந்துகொண்டாள். நீங்கள் அடுக்களையில் திரும்பி நின்று அழுதீர்கள். பிள்ளைக்கு நல்லது செய்யப் போய் இருந்ததையும் கெடுத்தேனே என்று நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. செய்தவன் நான் அல்லவா, மதினி.

அப்போதுதான் பூனைகள் வரத் தொடங்கின. முதல் நாள் இரண்டு. மறுநாள் ஏழு. மட்டாஞ்சேரியில் அத்தனை பூனை இருப்பதே நமக்குத் தெரியாது. மழைக்குக் கூரை இறவாணத்தின் கீழே வரிசையாக உட்கார்ந்து சுவரை நக்கின. நக்கி நக்கி மூக்கும் மீசையும் மஞ்சளாயின. நான் விளக்குமாற்றோடு போனேன். "விடும் கொழுந்தனாரே. நம்ம வீட்டுக்கு விருந்தாளி வந்தே எத்தன நாளாச்சு" என்றீர்கள். கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது, ஆனால் வாய் திரும்பிவிட்டது. எனக்கு உயிர் வந்தது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று செல்வி போகவில்லை. சாயங்காலம் குடை பிடித்துக்கொண்டு தோட்டுப் பாலத்தின் மேல் போன பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மஞ்சள் வீடு, அதன் வாசலில் மஞ்சள் மீசை வைத்த பதினேழு பூனைகள். பாலத்தைவிட்டு இறங்கி ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, அன்று நோட்டோடு தெருச் சுற்றிய அதே பிள்ளை, யாருடைய வீடு என்று ஆமினாத்தாவைக் கேட்டாள்: "இதாருடெ வீடா?"

ஆமினாத்தா பதில் சொல்ல வாயெடுத்தார். நீங்கள் வேண்டாமென்று கையைக் காட்டினீர்கள். செல்வி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நீங்கள் அவளைக் கூப்பிடவில்லை, தள்ளவும் இல்லை. கதவை மட்டும் இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தீர்கள். அவள் ஒரு குட்டிப் பூனையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்கு வந்து, "எண்டெ வீடா" என்றாள். என் வீடு என்று சொல்லிவிட்டாள், மதினி! அந்தப் பிள்ளை மூக்கைப் பொத்தவில்லை. குடையைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து கையை நீட்டியது. நீங்கள் உள்ளே ஓடிப் போய்ச் சாயா போட்டீர்கள், ஆறு பிள்ளைகளுக்கும் இருந்த மூன்று கிளாஸில்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் வாடையும் போயிற்று, பூனைகளும் குறைந்தன, பேர் மட்டும் நின்றுவிட்டது. பூச்ச வீடு. மலையாளத்தில் பூனையைப் பூச்ச என்பார்கள் என்று உங்கள் அம்மா வந்தபோது நீங்களே பெருமையாக விளக்கினீர்கள். அடுத்த மேயில் ஆமினாத்தா தன் வீட்டுக்கு நீலம் அடித்தார். சுண்ணாம்பில் கலந்துதான், என் யோசனையை யாரும் கேட்கவில்லை. எனக்குக் கப்பல் கிடைத்துப் போய், முதல் லீவில் திரும்பி வந்தபோது ஆறு வீடுகளில் நான்கு நிறம் மாறியிருந்தன.

உங்கள் கேள்வியோடு உலகத்தில் பாதி தண்ணீரைச் சுற்றிவிட்டேன். காலண்டர் தாளில் ஊர்ப் பேர் இருந்த அடிப்பகுதி கிழிந்து போயிருந்ததால், எந்த ஊர் என்று தெரியாமலேயே தேடினேன். செல்வி கல்லூரியில் சேர்ந்த வருஷம் கோபன்ஹேகனில் சரக்கு இறக்க நின்றோம். காலையில் இறங்கி நடந்து, ஒரு முனை திரும்பினேன். அப்படியே நின்றுவிட்டேன். அரிசிப் பானைக்கு மேலிருந்த தாள் கண் முன்னால் விரிந்து கிடந்தது. நிறமெல்லாம் நிஜம், மதினி. சிவப்பு, காவி, கருநீலம். மூன்றாவது வீடு மஞ்சள்தானா என்று எண்ணிப் பார்த்தேன். இந்தப் பக்கத்திலிருந்து எண்ணினால் ஐந்தாவது. அந்தப் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கரையில் கவிழ்ந்து படுத்து, தலையைத் தொங்கவிட்டு, மோந்து பார்த்தேன். போகிற வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். டீசல், பாசி, எங்கேயோ மீன் பொரிக்கிற வாடை. பக்கத்துப் பழைய மரப்படகில் ஒரு கிழவர் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். எதையாவது தண்ணீரில் போட்டுவிட்டாயா என்று கேட்டார். இல்லை, இது நாறுமா என்று பார்க்கச் சொன்னார்கள் என்றேன். இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான், ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார். சின்ன வயதில் இந்தப் பக்கமே போகக் கூடாது என்று தன் அம்மா அடிப்பாளாம். குடிகாரக் கப்பல்காரர்களும் சாக்கடை நாற்றமும்தானாம் அப்போது. இந்தத் தெருவில் வீடு என்று சொல்லவே கூச்சப்படுவார்களாம். இப்போது பாருங்கள், ஊர் ஊராக வந்து படமெடுக்கிறார்கள் என்று தூரிகையால் சுற்றிக் காட்டினார்.

எனக்கு அங்கேயே உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவரிடம் நம் மஞ்சள் வீட்டுக் கதையைச் சொன்னேன். மத்தி நெய் என்றதும் அவர் சிரிக்கவில்லை. வடக்கே தன் அம்மாவின் ஊரில் மீனவர்கள் செம்மண்ணை மீன் எண்ணெயில் குழைத்துத்தான் வீட்டுக்குப் பூசுவார்களாம். "ஆனால் முதலில் காய்ச்ச வேண்டும். காய்ச்சினீர்களா?" என்றார். இல்லை என்றேன். "அதுதான்" என்று மறுபடி வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

அன்றைக்கே இந்த அட்டையை வாங்கினேன். செல்விக்குத் தமிழ் எழுத்துத் தடுமாறும் என்பதால், எப்போதும்போலத் தமிழை மலையாள எழுத்தில் எழுதினேன், அவள் உங்களுக்குப் படித்துக் காட்ட. திருப்பிப் பார்க்கிறேன்: "மதினி, மோந்து பார்த்தேன். கொஞ்சம் நாறுகிறது. நம்முடையதைப்போல இது முன்னால் ரொம்ப நாறியதாம். நெய்யைக் காய்ச்சியிருக்க வேண்டுமாம். தப்பு என்னுடையது."

உங்கள் பதில் செல்வியின் கையெழுத்தில் அடுத்த துறைமுகத்துக்கு வந்தது. "கொழுந்தனாரே, காய்ச்சாம விட்டதுதான் நல்லது. காய்ச்சிருந்தா பூச்ச வந்திருக்காது. பூச்ச வரலேன்னா அந்தப் பிள்ளைங்க வந்திருக்காது. இனிமே ஆருட்டயும் போய்த் தப்புன்னு சொல்லாதேயும்." சமையற்கட்டில் உப்பு கூடிப்போகும் நாளிலெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். கப்பல்காரர்களிடம் சொன்னால் அடிக்க வருவார்கள்.

அட்டையோடு செல்வி ஒரு துண்டுத்தாளும் வைத்திருக்கிறாள். வீட்டுக்கு மஞ்சள் அடிக்கிறார்களாம். அதற்காக அட்டையைக் கழற்றியிருக்கிறாள். சித்தப்பா ஒரு தடவை பார்த்துவிட்டு உடனே திருப்பி அனுப்ப வேண்டும், அம்மா அடித்த ஆணியிலேயே மறுபடி மாட்ட வேண்டும் என்று உத்தரவு. டீச்சர் ஆனதிலிருந்து எல்லாருக்கும் உத்தரவுதான். திருப்பூணித்துறைப் பள்ளிக்கூடத்திலிருந்து சனிக்கிழமைகளில் அவள் வகுப்புப் பிள்ளைகள் வந்து படியில் உட்காருகிறார்களாம். அண்ணன்தான் சாயா போட்டுக் கொடுக்கிறாராம். இப்போது வெளியே போவதில்லையாம்.

நெய் விஷயத்தை அடுத்த லீவில் அண்ணனிடம் சொல்லிவிடப் போகிறேன். தப்பு என்று சொல்ல மாட்டேன், உங்கள் பேச்சை மீற மாட்டேன். கலக்கச் சொன்னவன் நான் என்று மட்டும் சொல்வேன்.

அட்டையை அனுப்பப் புது உறை வாங்கி வந்தேன். விலாசத்துக்காகக் கிழித்த உறையை மறுபடி எடுத்தபோதுதான் அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். அனுப்புநர் இடத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது: செல்வி, பூச்ச வீடு, தோட்டுவக்கத்து, மட்டாஞ்சேரி. பள்ளிவாசலும் இல்லை, பின் தெருவும் இல்லை. வாங்கி வந்த உறையில் அதை அப்படியே பார்த்து எழுதினேன். இந்தத் தாள்களையும் அட்டையோடு சேர்த்து உள்ளே வைத்திருக்கிறேன், மதினி. உங்களுக்கும் அந்த விலாசம்தான்.